வைஸில் இறுக்கிய துப்பாக்கி

கல்லூரியில் என்.சி.சி. சீருடை போட்டவர்களுக்கு அந்த ஐந்து குண்டு மறந்திருக்காது. தரையில் குப்புறப் படுத்து, .22 ரைபிளைத் தோளோடு அழுத்தி, 25 கெஜம் தள்ளி நிற்கும் காகிதத்தைப் பார்த்துச் சுட்டிருப்பார்கள். சுட்டு முடித்ததும் ஹவில்தார் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டுவார். ஐந்து ஓட்டையும் நெருங்கி விழுந்திருந்தால் முதுகில் ஒரு தட்டு. சிதறிக் கிடந்தால், "கை ஆடுது, மூச்சைப் பிடி" என்று ஒரு திட்டு.

கைதான் ஆடியதா? துப்பாக்கிக்குப் பங்கே இல்லையா? சிங்காநல்லூர்ப் பக்கம் லேத் பட்டறை வைத்திருப்பவர் இதையே வேறு மாதிரி கேட்பார்: "ஏனுங்க, துப்பாக்கிய வைஸ்ல வெச்சு இறுக்கிட்டா? கையே படாம சுட்டா அஞ்சும் ஒரே ஓட்டைல போகுமுங்களா?"

போகாது. விலை உயர்ந்த ரைபிளை இறுக்கினாலும் போகாது. சிதறல் குறையுமே தவிர மறையாது. மிச்சமிருக்கும் சிதறலில் குழலின் பங்கு எவ்வளவு, குண்டின் பங்கு எவ்வளவு, காற்றுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு என்று பிரித்துப் பார்த்தால், கையிலிருக்கும் கொஞ்சப் பணத்தை எதில் போட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

விளிம்பில் ஓர் அடி

.22 தோட்டா மொத்தமே ஓர் அங்குல நீளம்தான். ஒரு பித்தளைக் கூடு, அதற்குள் ஏறக்குறைய பத்தில் ஒரு கிராம் வெடிமருந்து, வாயில் செருகிய 2.6 கிராம் ஈயக் குண்டு. பெரிய ரைபிள் தோட்டாவின் அடியைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் வட்டமாக ஒரு பொட்டு தெரியும். தீ மூட்டும் மருந்து அதற்குள் இருக்கும். .22-இல் அந்தப் பொட்டு இல்லை. கூட்டின் அடி விளிம்பு உள்ளே பொள்ளலாக மடிக்கப்பட்டிருக்கும். தட்டினால் பற்றும் மருந்தை ஈரக்களியாக உள்ளே விட்டு, கூட்டைச் சுழற்றி, அது விளிம்பு முழுக்கப் பரவும்படி செய்து காயவைக்கிறார்கள். ரைபிளின் அடிக்கும் முனை விளிம்பில் ஓரிடத்தை நசுக்கியதும் மருந்து பற்றிக்கொள்கிறது. இதை விளிம்புத் தோட்டா என்று வைத்துக்கொள்வோம். இன்று புழங்கும் '.22 லாங் ரைபிள்' வடிவம் 1887-இல் அமெரிக்காவின் ஸ்டீவன்ஸ் கம்பெனியில் உருவானது. இத்தனை ஆண்டுகளில் அது பெரிதாக மாறவில்லை.

பெரிய தோட்டாவை ஆர்வலர்கள் சில நாடுகளில் வீட்டிலேயே மருந்து நிறுத்து, குண்டு தேர்ந்து, தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். விளிம்புத் தோட்டாவில் அதற்கு வழியில்லை. நசுங்கிய விளிம்பு மறுபடி உதவாது. தொழிற்சாலை என்ன போட்டதோ அதுதான் கிடைக்கும். சுடுபவருக்கு மிஞ்சும் ஒரே சுதந்திரம் தேர்ந்தெடுப்பது.

எட்டு மில்லிமீட்டர்

சிதறலை அளக்க ஓர் அளவுகோல் வேண்டும். ஒலிம்பிக் 50 மீட்டர் ரைபிள் போட்டியின் இலக்கையே எடுத்துக்கொள்ளலாம். நடுவிலுள்ள பத்து வட்டத்தின் விட்டம் 10.4 மி.மீ. குண்டின் விட்டம் 5.6 மி.மீ. குண்டு வட்டத்தைத் தொட்டாலே பத்து. எனவே குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குள் விழ வேண்டும். தசமப் புள்ளியில் எண்ணும்போது நட்டநடுவில் விழுந்தால் 10.9, அங்கிருந்து ஒவ்வொரு 0.8 மி.மீ. விலகலுக்கும் 0.1 குறையும்.

2012 லண்டன் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஜாய்தீப் கர்மாகர் படுத்துச் சுடும் 50 மீட்டர் பிரிவில் 699.1 புள்ளியோடு நான்காவதாக நின்றார். வெண்கலம் பெற்ற ஸ்லோவேனியாவின் ராய்மண்ட் டெபெவெக் எடுத்தது 701.0. இடைவெளி 1.9. தசமக் கணக்கில் மாற்றினால் எழுபது குண்டுக்கும் சேர்த்துச் சுமார் 15 மி.மீ. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2024 பாரிஸில், கோலாப்பூர் பக்கத்து ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் வெண்கலம் வாங்கினார். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம்.

நாம் ஒலிம்பிக்குக்குப் போகவில்லை, சரி. ஆனாலும் அந்த 8 மி.மீ.யை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்து மைக்ரான்

குழலின் உட்சுவரில் திருகாணிப் புரிபோல் சுருள்காடி வெட்டியிருக்கும். .22-இல் வழக்கமாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. போட்டித் தோட்டாவின் குண்டு நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் குழல்வாயை விட்டு வெளியேறும். அப்போது அது நொடிக்கு 812 முறை தன்னைத்தானே சுற்றுகிறது. நிமிடத்துக்கு 48,000 சுற்றுக்கு மேல். இந்தச் சுழற்சி இல்லாவிட்டால் குண்டு குப்புற விழுந்து தறிகெட்டுப் போகும். சுழற்சி வேண்டும். ஆனால் சிதறலின் முக்கியமான வேரும் அதிலேயே இருக்கிறது.

திருச்சி ரோட்டு மில்களில் ரிங் பிரேம் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். அங்கே ஸ்பிண்டில் நிமிடத்துக்குச் சுமார் 20,000 சுற்று ஓடும். பாபின் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தாலும் ஸ்பிண்டில் அதிரும், நூல் அறும். கனம் அச்சிலிருந்து விலகியதுதான் காரணம். ஸ்பிண்டிலைப் பேரிங் பிடித்துக்கொண்டிருப்பதால் அதிர்வோடு விஷயம் முடிகிறது. குண்டைக் குழலின் சுவர் பிடித்திருப்பதும் அப்படித்தான். ஆனால் குழல்வாயில் அந்தப் பிடி சட்டென்று விலகிவிடுகிறது. அச்சைச் சுற்றி வந்துகொண்டிருந்த கனப்புள்ளி, அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமாகக் குண்டை இழுத்துச் செல்லும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஈயக் குண்டின் கனமையம் அச்சிலிருந்து நூறில் ஒரு மில்லிமீட்டர், அதாவது பத்து மைக்ரான், விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டறையில் பேரிங் உட்காரும் தண்டுக்கு விடும் டாலரன்ஸே ஏறக்குறைய அவ்வளவு. நொடிக்கு 812 சுற்றில் அந்தப் புள்ளியின் பக்கவாட்டு வேகம் நொடிக்கு 5 செ.மீ. குண்டு 50 மீட்டரைக் கடக்க 0.16 நொடி ஆகும். அதற்குள் அது பக்கவாட்டில் நகரும் தூரம் 8 மி.மீ.

நம்முடைய அளவுகோல் முழுவதையும் அந்தப் பத்து மைக்ரானே தின்றுவிட்டது. எந்தத் திசையில் 8 மி.மீ. என்பது, தோட்டாவை உள்ளே வைத்தபோது கனமான பக்கம் எங்கே திரும்பியிருந்தது என்பதைப் பொறுத்தது. அதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. குண்டுகள் மேலே, கீழே, இடம், வலம் என்று விருப்பம்போல் விழும்.

ஈயம் மென்மையானது என்பதும் இதோடு சேர்கிறது. மேகசினிலிருந்து தள்ளும்போது மூக்கு எங்கேயாவது இடித்தால் குண்டு நசுங்கும். போட்டி ரைபிள்கள் பலவற்றில் மேகசினே இல்லாமல் ஒவ்வொரு தோட்டாவாகக் கையால் வைப்பது இதனால்தான். ஒரே நேரத்தில் பத்துத் தோட்டா கொள்ளும் என்பதைப் பெருமையாகச் சொல்லி விற்கும் ரைபிள், இலக்குச் சுடுதலுக்குப் பெருமை சேர்ப்பதில்லை.

குறுந்தூரம் மறைப்பது

அடுத்தது வேகம். பத்தில் ஒரு கிராம் மருந்தில் கொஞ்சம் கூடக்குறைய இருந்தாலும், விளிம்பிலுள்ள தீமூட்டும் மருந்து ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தாலும், வேகம் மாறும். ஒரு குண்டு 330 மீட்டர், அடுத்தது 320 மீட்டர் வேகத்தில் போனால் மெதுவானது 50 மீட்டரில் சுமார் 7 மி.மீ. தாழ்ந்து விழும். இது மூன்று சதவீத வேறுபாடுதான், புள்ளியில் 10.9-க்குப் பதில் 10.1.

இதே இரண்டு குண்டையும் என்.சி.சி.யின் 25 கெஜத்தில் சுட்டால் இடைவெளி ஒன்றரை மி.மீ. இரண்டும் ஒரே ஓட்டையில் போனதாகத்தான் தோன்றும். 100 மீட்டரிலோ அது சுமார் 3 செ.மீ. ஆகிவிடும். தூரம் இரட்டித்தால் இந்தப் பிழை நான்கு மடங்காகிறது. அதனால் 25 கெஜத்தில் சுட்டுக் காட்டிய காகிதத்தை நம்பி ரைபிள் வாங்காதீர்கள். குறுந்தூரம் தோட்டாவின் குறைகளை மறைத்துவிடும்.

குழலுக்கும் குண்டுக்கும் ராசி

சுடுபவர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு: "இந்தக் குழலுக்கு இந்தத் தோட்டாதான் ராசி." கேட்கும்போது ஜோசியம் போலிருக்கும். ஆனால் இதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது.

மருந்து பற்றியதும் குழல் அதிர ஆரம்பிக்கிறது. குண்டு வெளியேறும் கணத்தில் குழல்வாய் மேலே எழுந்துகொண்டிருக்கலாம், கீழே இறங்கிக்கொண்டிருக்கலாம். எழும் நேரமாக இருந்தால் வேகமான குண்டு சற்று முன்னதாகவே, குழல்வாய் தாழ்வாக இருக்கும்போதே, கிளம்பிவிடும். மெதுவான குண்டு தாமதமாக, குழல்வாய் கொஞ்சம் உயர்ந்தபின் கிளம்பும். மெதுவான குண்டு தாழ்ந்து விழ வேண்டிய தூரத்தை அந்தக் கூடுதல் ஏற்றம் ஈடுகட்டிவிடுகிறது. இறங்கும் நேரமாக இருந்தால் இதே கணக்கு தலைகீழாகிப் பிழை பெருகும். ஆங்கிலேய இயற்பியலாளர் மாலக் 1901-இலேயே ரைபிள் குழலின் அதிர்வைப் பற்றி எழுதியிருக்கிறார்.

ஒரே மாடலில் அடுத்தடுத்துச் செய்த இரண்டு ரைபிள்கள்கூட ஒரே தோட்டாவை ஒரே மாதிரி சுடாததற்கு இதுவும் ஒரு காரணம். தோட்டா அறையின் அளவிலும் குழலின் உட்தடிப்பிலும் உள்ள நுண்ணிய வேறுபாடுகள் மற்ற காரணங்கள். ஒரே பெயர், ஒரே விலை கொண்ட தோட்டாவிலும் தொழிற்சாலை ஒரு மூச்சில் செய்த தொகுதிக்குத் தொகுதி குணம் மாறும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் நம்பர்தான் அந்தத் தொகுதியின் அடையாளம்.

லேத்காரர் கேட்ட வைஸ் இங்கேதான் வருகிறது. இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்தின் லாப்புவா போன்ற தோட்டாக் கம்பெனிகள் சோதனைக் கூடங்கள் வைத்திருக்கின்றன. வீரர்கள் தங்கள் ரைபிளோடு அங்கே போகிறார்கள். குழலையும் இயக்கப் பகுதியையும் பிடிப்பானில் இறுக்கி, லாட் லாட்டாகச் சுட்டுப் பார்க்கிறார்கள். எந்த லாட் நெருங்கி விழுகிறதோ அதை மொத்தமாக வாங்கிக்கொள்கிறார்கள். லட்சங்களில் ரைபிள் வாங்கியவர்களே கடைசியில் பொறுக்குவது தோட்டாவைத்தான்.

கணவாயிலிருந்து வரும் காற்று

ஜூனில் தொடங்கி ஆவணி வரைக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றை நம்பித்தான் பல்லடம், பொங்கலூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. திறந்தவெளியில் .22 சுடுபவருக்கு அந்தக் காற்றுதான் எதிரி. மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் குறுக்காக வீசும் காற்று 50 மீட்டரில் குண்டைச் சுமார் 2 செ.மீ. தள்ளிவிடும். பத்தை நோக்கிப் போனது எட்டில் விழும்.

"அப்போ வேகமான தோட்டா போட்டால் காற்றுக்குப் பிடி கொடுக்காது" என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது இதற்கு நேர்மாறு. நொடிக்கு 380 மீட்டர் வேகத்தில் கிளம்பும் அதிவேக .22 குண்டு, மெதுவான போட்டிக் குண்டைவிடக் காற்றில் அதிகம் விலகுகிறது.

காரணம் இதுதான்: குண்டு காற்றில் எவ்வளவு நேரம் பறந்தது என்பதை வைத்து விலகல் அமைவதில்லை. காற்றே இல்லாத வெற்றிடத்தில் பறந்தால் எடுக்கும் நேரத்தைவிட எவ்வளவு தாமதமாகப் போய்ச் சேர்ந்தது என்பதுதான் கணக்கு. ஒலியின் வேகத்தை ஒட்டிய வேகங்களில் காற்றின் தடை செங்குத்தாக ஏறுகிறது. கோவையின் 25 டிகிரி காலைப்பொழுதில் ஒலியின் வேகம் நொடிக்கு 346 மீட்டர். அதிவேகக் குண்டு அந்த எல்லைக்கு மேலே கிளம்பி, பெரும் தடையைச் சந்தித்து, பறக்கும்போதே எல்லைக்குக் கீழே இறங்குகிறது. வேகமாகப் போனாலும் தாமதக் கணக்கில் அது நிறையவே இழக்கிறது. 330 மீட்டர் குண்டு தொடக்கத்திலிருந்தே எல்லைக்குக் கீழே இருப்பதால் இழப்பு குறைவு. போட்டித் தோட்டாக்களையெல்லாம் ஒலியைவிட மெதுவாகவே செய்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பெட்டியில் 'ஹை வெலாசிட்டி' என்று எழுதியிருந்தால் இலக்குக்கு அது வேண்டாம்.

மூன்று குண்டுக் கதை

பழைய ரைபிள் விற்பவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் காட்டுவார். மூன்று ஓட்டை, 10 மி.மீ.க்குள். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் காகிதம் சொல்வது மிகக் குறைவு.

குண்டுகள் எதேச்சையாகச் சிதறும்போது எண்ணிக்கை கூடக்கூட ஓரத்துக்குப் போகும் குண்டுகளும் சேரும். மூன்று குண்டில் சராசரியாக 10 மி.மீ. விரியும் ரைபிள், பத்துக் குண்டில் சராசரியாக 16 மி.மீ. விரியும். ரைபிள் கெட்டுப்போகவில்லை; மூன்று குண்டு அதன் முழு முகத்தைக் காட்டவில்லை, அவ்வளவுதான். அதோடு, பலமுறை சுட்டதில் நன்றாக விழுந்த காகிதத்தைத்தான் யாரும் பத்திரப்படுத்துவார்கள். பத்துப் பத்தாக இரண்டு மூன்று காகிதம் 50 மீட்டரில் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம்.

ஸ்கோப்பில் பெரிதாகத் தெரிவதும் சரியாகத் தெரிவதும்

முதலில் ஒரு செய்தி. ஒலிம்பிக் வகை ரைபிள் போட்டிகளில் உருப்பெருக்கும் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை. சிறு துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான் அங்கே புழங்குகிறது. ஸ்கோப் தேவைப்படுவது மேசைமேல் தாங்கி வைத்துச் சுடும் பிரிவுகளுக்கும், தோட்டாச் சோதனைக்கும், பயிற்சிக்கும். உங்கள் எண்ணம் மாநிலப் போட்டி என்றால் அந்தப் பணத்தை நல்ல பீப் சைட்டில் போடுங்கள்.

ஸ்கோப்தான் வேண்டும் என்றால், கடையில் எல்லோரும் கேட்பது "எத்தனை எக்ஸ்?" என்பதே. அதைவிட முக்கியமான கேள்வி வேறு. பள்ளி இயற்பியலில் இடமாறு தோற்றப்பிழை என்று படித்திருப்போம்: அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் கோடு நகர்ந்ததுபோல் தெரியும். ஸ்கோப்பிலும் அதே கதை. இலக்கின் பிம்பம் விழும் தளமும் குறுக்குக்கோடு இருக்கும் தளமும் ஒன்றாக இல்லாவிட்டால், கண் நகர நகரக் குறியும் நகரும்.

பெரிய ரைபிள்களுக்கென்று செய்த ஸ்கோப்புகளில் இந்த இரண்டு தளமும் ஏறக்குறைய 100 மீட்டர் தூரத்துக்கு இசையும்படி நிரந்தரமாக அமைத்திருப்பார்கள். முன்கண்ணாடி 40 மி.மீ. உள்ள அப்படியொரு ஸ்கோப்பை 50 மீட்டரில் பயன்படுத்தினால், கண் முற்றிலும் ஓரத்துக்குப் போகும் நிலையில் பிழை 10 மி.மீ. வரை வரலாம். துப்பாக்கி அசையவே இல்லை, கன்னத்தை வைத்த இடம் மட்டும் மாறியிருக்கிறது. பத்து கைவிட்டுப் போய்விட்டது. 24 மடங்கு பெருக்கிக் காட்டும் ஸ்கோப் இந்தப் பிழையையும் சேர்த்துத்தான் பெருக்கிக் காட்டும்.

எனவே தூரத்துக்கேற்ப இந்தத் தளத்தைத் திருப்பிச் சரிசெய்யும் வளையம் உள்ள ஸ்கோப்பாகப் பாருங்கள். அல்லது விளிம்புத் தோட்டாவுக்கென்றே 50 மீட்டரை ஒட்டி அமைத்ததாக இருக்கட்டும். கடையிலேயே சோதித்துவிடலாம்: ஸ்கோப்பை 50 மீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பொருளை நோக்கி மேசையில் அசையாமல் வைத்து, தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டுங்கள். குறுக்குக்கோடு இலக்கின்மேல் நீந்தினால் தளம் இசையவில்லை என்று பொருள். பெருக்கம் பன்னிரண்டு மடங்கு இருந்தால் தாராளம். அதற்கு மேல் போனால் உங்கள் நாடித்துடிப்பையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்று: "ரைபிள் சரியில்லை" என்று வரும் புகார்களில் பலவும் ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையத்தின் ஸ்க்ரூ தளர்ந்ததில் முடியும்.

வாங்கப் போகும்போது

.22 ரைபிளுக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். தோட்டா வாங்குவதற்கும் அந்த உரிமத்தில் எழுதிய அளவுதான் வரம்பு. வெளிநாட்டு ரைபிளை இறக்குமதி செய்வது பெரும்பாலும் சங்கங்களுக்கும் தகுதிப் புள்ளி எடுத்த வீரர்களுக்குமே திறந்திருக்கும் வழி. அதனால் நம் ஊரில் கட்டுப்படியாகும் முதல் ரைபிள் கிளப்பின் ரைபிள்தான். கோயம்புத்தூர் ரைபிள் கிளப் போன்ற இடத்தில் உறுப்பினராகி, அங்குள்ளதில் சுட்டுப் பழகிவிட்டு அப்புறம் உரிமத்தைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை வீட்டில் 10 மீட்டர் பயிற்சிக்கு 4.5 மி.மீ. ஏர் ரைபிள் போதும். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேற்படாத .177 ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை.

உரிமம் கையில் வந்து, பழைய ரைபிளைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கட்டையின் பாலிஷைப் பார்த்து மயங்க வேண்டாம். குழல்வாயின் விளிம்பை லென்ஸ் வைத்துப் பாருங்கள். குண்டைக் கடைசியாகத் தொடும் இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் சிறு வெட்டு இருந்தாலும் வாயு ஒருபக்கமாகப் பீறிட்டுக் குண்டைச் சாய்க்கும். நல்ல செய்தி, லேத்தில் கொஞ்சம் வெட்டிச் சீர்செய்யக்கூடிய குறை இது. அதற்கு உரிமம் பெற்ற துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். டிரிக்கர் சொரசொரப்பில்லாமல், ஒவ்வொரு முறையும் ஒரே கனத்தில் விடுபடுகிறதா என்று பாருங்கள். குழல் மரக்கட்டையைத் தொடாமல் நிற்கிறதா என்று ஒரு தாளை இடையில் நுழைத்துப் பாருங்கள். இவ்வளவும் சரியாக இருக்கும் முப்பது வருடப் பழைய ஆன்ஷுட்ஸ் போட்டி ரைபிள், வேட்டை ரைபிள்போல் செய்த பளபளப்பான புதியதைவிட நன்றாகச் சுடும் என்பது என் எண்ணம்.

பணத்தை மூன்று பங்காக வைத்துக்கொண்டால் ரைபிளுக்கு ஒன்றுக்கு மேல் போக வேண்டாம். மீதியில் பெரும்பகுதி தோட்டாவுக்கு. கிடைக்கும் மூன்று நான்கு வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கி, காற்றில்லாத விடிகாலையில், 50 மீட்டரில், மணல்மூட்டைமேல் தாங்கி வைத்து, பத்துப் பத்தாகச் சுடுங்கள். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்து குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனியும் குண்டின்மேல் தன்தன் மெழுகுப் பூச்சு பூசுகிறது. பழைய மெழுகு போய்ப் புதியது குழல் முழுக்கப் படியும்வரை குண்டுகள் அலைந்துகொண்டுதான் இருக்கும்.